இடிமருதனின் வலக்கை

சீடருக்கு நாற்பத்தாறு வயது. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் தன்னைச் சீடர் என்று நினைத்துக்கொண்டு வரவில்லை. ஓர் உடுப்பு வேண்டும் என்றுதான் வந்தார். பெயர் சீனிராஜ். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். பத்து மாதங்களுக்கு முன்னால் அந்த மெஷின் அவருடைய வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. முதலாளி அவரைக் கைவிடவில்லை. குடோனில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

சீனிராஜால் உட்காரத்தான் முடியவில்லை. எழுந்து வாசல் வரை போவார். திரும்பி வருவார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் காலைத் தட்டுவார். வீட்டிலும் அப்படியே. "சோத்தை வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள தெருமுனைக்குப் போயிடுறாரு" என்று அவர் மனைவி கனகமணி பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள்.

குருவின் பெயர் ஜெபமலர். திருத்தங்கல் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை அவருடையது. கடைத் திறப்பு விழாக்களில் வாசலில் நின்று ஆடுகிற கரடி, யானை, முயல் பொம்மைகளுக்கு உடுப்பு செய்கிறவர். முன்பு ஆறு வருடம் அவரே அந்த உடுப்புகளுக்குள் நின்று ஆடியவர். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சீனிராஜ் வந்தபோது மாஸ்டர் ஒரு முயல் காதுக்குள் ஸ்பாஞ்ச் திணித்துக்கொண்டிருந்தார்.

"இடிமருதன் டிரஸ் வேணும், மாஸ்டர்."

"அது யாரு?"

சீனிராஜ் இடது கையால் பையிலிருந்து ஒரு சித்திரக்கதை இதழை எடுத்து நீட்டினார். மாதாமாதம் வருகிற இதழ். அட்டையில் வெள்ளிக் கவசமும் சிவப்பு மேலங்கியும் அணிந்த ஒருவன் மேகத்தைப் பிளந்துகொண்டு நின்றான். முகத்தில் பாதி முகமூடி. முழங்கை வரை கறுப்புக் கையுறை.

"யாருக்கு?"

"எனக்கு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. சீனிராஜ் அதைக் கவனித்தார்.

"மதுரையில சித்திரக்கதை வாசகர் திருவிழா. வேடப் போட்டி இருக்கு. இருபத்தாறு நாள்தான் இருக்கு. ஆன்லைன்ல பாத்தேன், அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது. குறைஞ்ச செலவுல முடியுமா?"

"எதுக்கு இந்த வேஷம்?"

"பத்து வயசுல இருந்து படிக்கிறேன்."

"அது சரி. இப்ப எதுக்கு?"

சீனிராஜ் கொட்டகைக்குள் நாலடி நடந்தார். திரும்பினார். அவருடைய வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது.

"சும்மா இருக்க முடியலை."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அந்த உடுப்பு உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடியது. அதற்குள் போய்விட்டால் ஒரு நாளாவது பத்து விரல் மனிதனாக நிற்கலாம். அதை அவர் கனகமணியிடம்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் இதழைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணு நாள் எதுவும் வாங்காதீங்க, அண்ணாச்சி. உங்க ஊர்ல என்னென்ன குப்பைக்குப் போகுதுன்னு மட்டும் பாருங்க. நாலாவது நாள் வாங்க."

சீனிராஜ் இரண்டாம் நாள் சாயங்காலமே வந்துவிட்டார். சைக்கிளின் பின்னால் ஒரு கட்டு. அச்சடித்து முடித்துக் கழித்துப்போட்ட அலுமினியத் தகடுகள். மெஷின் உருளையில் சுற்றுகிற தடித்த ரப்பர் விரிப்புகள், ஓரம் நைந்தவை. எல்லாம் எடைக்குப் போகவிருந்தவை. முதலாளி சும்மா கொடுத்திருந்தார்.

"தகட்டுல கவசம். ரப்பர்ல பெல்ட்டும் பூட்ஸும். சரியா வரும்ல, மாஸ்டர்?"

"மூணு நாள்னு சொன்னேனே."

"ரெண்டு நாள்லயே கிடைச்சிருச்சு."

"சரிதான்" என்றார் மாஸ்டர். "மூணாவது நாள் என்ன கிடைச்சிருக்கும்னுதான் தெரியாமப் போச்சு."

சீனிராஜுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தகட்டைக் கீழே போட்டு அப்போதே அளவு குறிக்க ஆரம்பித்தார்.

வேலை அவருக்கு வந்தது. தகட்டை எங்கே மடித்தால் உடையும், எங்கே மடித்தால் வளையும் என்று அவருக்குத் தெரியும். இடது கை கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டது. வலது கை துண்டை விட்டு வெளியே வராமலே தகட்டை அழுத்திப் பிடித்தது. மாஸ்டர் அந்தத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேலங்கிக்குக் கனகமணி தன் பழைய அரக்குச் சேலையைக் கொடுத்தாள். "பத்து மாசத்துல இன்னைக்குத்தான் ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்திருந்தாரு" என்று அவள் மாஸ்டருக்குப் போன் செய்து சொன்னாள்.

ஆனால் முடித்ததை சீனிராஜ் விட்டுவைக்க மாட்டார். மார்புக் கவசம் முதல் தடவையே நன்றாக வந்தது. மறுநாள் வந்து பிரித்துப்போட்டார். தோள்பட்டை இறக்கம் பிடிக்கவில்லை என்றார். இரண்டாவதில் விளிம்பு. மூன்றாவதில் வெள்ளிப் பூச்சு கொஞ்சம் மங்கல். நான்காவதைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தபோது மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல என்ன?"

"படத்துல இருக்கிற மாதிரி இல்லை."

"படத்துல இருக்கிறவன் உக்காரணுமா? குனியணுமா?"

"மாஸ்டர், ஒண்ணு கேக்குறேன். ஒரு உடுப்பு முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மாஸ்டர் ஸ்பாஞ்ச் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"நான் முதமுதல்ல ஒரு யானை செஞ்சேன். விருதுநகர்ல ஒரு நகைக்கடைத் திறப்புக்கு. தும்பிக்கை, கொம்பு, நெத்திப்பட்டம், அச்சு அசல் யானை. கடைக்காரரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒரு குறையும் இல்லைன்னாரு. எனக்குத் தலைகால் புரியலை."

"அப்புறம்?"

"உள்ள நின்னு ஆடின ஆளு அரை மணி நேரத்துல மயங்கி விழுந்துட்டாரு. மூச்சு விட ஓட்டை இல்லை. யானையைச் செஞ்சேனே தவிர உள்ள ஒருத்தர் இருக்காருங்கிறதை மறந்துட்டேன்."

"அடக் கடவுளே."

"தண்ணி தெளிச்சோம், எந்திரிச்சிட்டாரு. நான் கத்தரியை எடுத்து யானை வாயைக் கிழிச்சேன். கடைக்காரருக்குக் கோபம். நல்ல யானையைக் கெடுத்துட்டியேன்னாரு."

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"யானை சிரிக்குதுன்னாங்க."

மாஸ்டர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். சீனிராஜ் கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு வைத்தார். நான்காவது கவசம் தப்பியது.

கையுறையை மட்டும் அவர் கொட்டகையில் செய்யவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். கறுப்புத் துணி, மேலே ரப்பர்ப் பட்டைகள், ஐந்து விரல். இரண்டு விரல்களுக்குள் பஞ்சும் கம்பியும். போட்டுப் பார்த்தார். கண்ணாடிமுன் நின்று பார்த்தார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கை நிறைந்திருந்தது.

ஆனால் முஷ்டி பிடித்தால் அந்த இரண்டு விரலும் விறைத்துக்கொண்டு நின்றன. கம்பியை மாற்றினார். தூண்டில் நரம்பு கட்டி மணிக்கட்டோடு இழுத்துப் பார்த்தார். மூன்று நாள் அதையே கட்டி அழுதார். கடைசியில் வேறு வழியில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அன்றைக்குத்தான் துண்டு இல்லாமல் வந்தார்.

"மாஸ்டர், இந்த ரெண்டு விரலும் மடங்கணும். பாக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. வழி சொல்லுங்க."

மாஸ்டர் கையுறையைப் பார்த்தார். அவர் முகத்தையும் பார்த்தார்.

"போட்டி எவ்வளவு நேரம்?"

"மேடையில ரெண்டு நிமிஷம்."

"திருவிழா?"

"காலையில பத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

மாஸ்டர் சுவரோரம் போனார். பாதி தைத்திருந்த கரடித் தலையை எடுத்து மாட்டிக்கொண்டார். கரடிக் கைகளையும் மாட்டிக்கொண்டார். ஆடி ஆடி நடந்து சீனிராஜ் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

சீனிராஜுக்குப் புரியவில்லை. "என்ன, மாஸ்டர்?"

கரடி பேசவில்லை. கை நீட்டியபடியே இருந்தது.

சீனிராஜ் இடது கையைக் கொடுத்தார். கரடி தலையை ஆட்டியது. வாங்கவில்லை.

அவர் தயங்கி வலது கையைக் கொடுத்தார். கரடி பற்றிக் குலுக்கியது. அன்பாகத்தான் குலுக்கியது. பஞ்சு விரல்கள் இரண்டும் நசுங்கிப் பின்பக்கமாக மடிந்துகொண்டன. ஒன்றிலிருந்து கம்பி துணியைக் கிழித்து வெளியே வந்தது.

மாஸ்டர் தலையைக் கழற்றினார். நெற்றி வியர்த்திருந்தது.

"நான் ஆறு வருசம் உள்ள நின்னிருக்கேன், அண்ணாச்சி. ஜனங்க பாத்துட்டு மட்டும் போறதில்லை."

சீனிராஜ் கையுறையை உருவினார். உருவிய வேகத்தில் ரப்பர்ப் பட்டை ஒன்று தெறித்தது.

"வேஷம் போடுறதே மறைக்கத்தானே, மாஸ்டர்!"

குரல் கொட்டகைக்கு வெளியே கேட்டிருக்கும். மாஸ்டர் கரடித் தலையில் விட்டுப்போன தையலைத் தேடிக்கொண்டிருந்தார். சீனிராஜ் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். இந்தத் தடவை சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை.

அந்த நான்கு நாளும் வீட்டில் தகரப் பெட்டியிலிருந்து பழைய இதழ்களை எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லாம் அவர் மனப்பாடமாக அறிந்த பக்கங்கள். இடிமருதனின் வலக்கை ஐந்து விரலோடு கம்பீரமாக நிற்கிற ஒரு படத்தை எடுத்து மாஸ்டர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அதுதான் அவர் திட்டம்.

ஐந்தாம் நாள் ஒரு கட்டு இதழ்களோடு வந்தார். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றில் கை மேலங்கிக்குள் இருந்தது. ஒன்றில் புகைக்குள். ஒன்றில் இடிமருதன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒன்றில் சரியாகக் கை வருகிற இடத்தில் வசனம் எழுதிய கட்டம்.

"நூத்தி அறுபது புத்தகம் பாத்துட்டேன். ஒரு இடத்துலகூட விரல் முழுசா இல்லை. வரைஞ்சவருக்குக் கை வரைய வரலை, மாஸ்டர். மறைச்சு மறைச்சே ஓட்டியிருக்காரு. முப்பத்தாறு வருசமா நான் இதைப் பாக்கலை."

"பாவம், மனுசன்" என்றார் மாஸ்டர்.

"இவ்வளவு நாள் எப்படித் தப்பிச்சாரு?"

"அவரு யாருக்கும் கை குடுக்க வேண்டியதில்லையே."

சீனிராஜ் இதழை மூடினார். கொட்டகைக்குள் ஒரு சுற்று நடந்தார். ஸ்பாஞ்ச் மூட்டையை நகர்த்தினார். நகர்த்திய இடத்திலேயே திரும்ப வைத்தார். மாஸ்டர் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கையை வைங்க, அண்ணாச்சி. அளவெடுக்கணும்."

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. இனிமே புதுசா முடியுமா?"

"கையை வச்சா முடியும்."

சீனிராஜ் வலது கையை மேஜைமேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நர்ஸுக்குப் பிறகு அதை வெளிச்சத்தில் வேறு யாருக்கும் அவராக விரித்துக் காட்டியதில்லை. விரல்கள் இருந்த இடத்தில் தோல் வழுவழுப்பாக, சற்று ஊதா நிறமாக இருந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் நாடாவை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தாளில் எழுதினார்.

"பெருவிரல் ரெண்டே முக்கால். ஆள்காட்டி மூணு. நடுவிரல் மூணேகால். இது முக்கால். இது அரை."

ஐந்து அளவுக்கும் குரல் ஒரே மாதிரி இருந்தது.

கையுறை வந்தது. மூன்று விரல். மற்ற இரண்டு இடத்திலும் ரப்பர் பட்டையை வளைத்து, கவசத்துக்கு அடித்த அதே வெள்ளி ஆணியை அடித்து மூடியிருந்தார் மாஸ்டர். ஒட்டுப்போட்ட மாதிரி இல்லை. அப்படியே செய்யப்பட்டது மாதிரி இருந்தது. சீனிராஜ் அதை மாட்டி முஷ்டி பிடித்தார். முஷ்டி இறுகியது.

பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனார்.

மதுரையில் மண்டபம் நிறையக் கூட்டம். காலை பத்தரைக்கே ரப்பர் சூடேறி வாடை அடித்தது. சீனிராஜ் ஓரமாக ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். மேலங்கியை வலது கையின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

ஒளிந்து நிற்க முடியவில்லை. "இடிமருதன்!" என்று ஒருவர் கத்தினார். நாலு பேர் ஓடி வந்தார்கள். பிறகு நாற்பது பேர். கவசத்தைத் தட்டிப் பார்த்தார்கள். தகடா, நிஜத் தகடா என்று கேட்டார்கள். படம் எடுத்தார்கள். கை நீட்டினார்கள். சீனிராஜ் பழக்கத்தில் இடது கையைக் கொடுத்தார்.

மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் விடவில்லை. "இது வேண்டாம். சண்டை போடுற கையைக் குடுங்க" என்றார்.

சீனிராஜ் சுற்றிலும் பார்த்தார். போக வழியில்லை. மேலங்கியை விலக்கி வலது கையை நீட்டினார். அம்மாளின் பிடி ஒரு கணம் நின்றது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தை அவர் உள்ளங்கை உணர்ந்துவிட்டது. பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகிக் குலுக்கியது. அடுத்தவர் கை நீட்டினார். அதற்கடுத்தவர். ஒவ்வொரு கையும் அதே இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு குலுக்கியது. மத்தியானத்துக்கு மேல் எத்தனை கை என்று சீனிராஜால் எண்ண முடியாமல் போய்விட்டது.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்த உடுப்போடு வந்த ஒருவருக்குப் போயிற்று. சீனிராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அலைக்கழித்தது வேறொன்று.

கிளம்புகிற நேரத்தில் ஒருவர் வந்தார். சீனிராஜ் வயதுதான் இருக்கும். நரைத்த மீசை, தோளில் பை நிறையப் பழைய இதழ்கள். சீனிராஜின் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, வெள்ளி ஆணி அடித்த இடத்தைக் கூர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லா இதழும் படிச்சிருக்கேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "இது தெரியாமப் போச்சே. விரல் போனது எந்த மாச இதழ்ல வந்துச்சுங்க?"

சீனிராஜ் வாயைத் திறந்தார். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்து நின்றது. உண்மை அதற்கும் பின்னால் நின்றது. அதற்குள் கூட்டம் இருவருக்கும் நடுவே புகுந்துவிட்டது. அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் இருந்தது. சீனிராஜ் சிவகாசி வரை நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலை கொட்டகை திறக்கும்போதே அவர் வாசலில் இருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். தூண், மூக்குக் கண்ணாடி அம்மாள், பரிசு, கடைசியில் அந்த மனிதர்.

"ஒண்ணுமே சொல்லாம நின்னுட்டேன், மாஸ்டர். எவ்வளவு ஆசையா கேட்டாரு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

மாஸ்டர் முயல் காது ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை நிறுத்தவில்லை.

"விரல் எப்பப் போச்சு, அண்ணாச்சி?"

இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான். சீனிராஜ் நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"பிப்ரவரியில. நோட்டுப் புத்தக அட்டை ஓடிக்கிட்டிருந்துச்சு. உருளையில தாள் சிக்கிச்சு. நிறுத்திட்டு எடுக்கணும். அவசரம். ஓட ஓட எடுத்துரலாம்னு கையை விட்டேன். மெஷின் மேல தப்பே இல்லை, மாஸ்டர். நான்தான். இதுவரைக்கும் வீட்டுல மெஷின் மேலதான் பழியைப் போட்டுவச்சிருக்கேன்."

கத்தரி காதின் வளைவில் மெதுவாகத் திரும்பியது.

"பிப்ரவரி இதழ்னு சொல்லியிருக்கலாமே" என்றார் மாஸ்டர்.